ஹாஜா பாயின் சொந்தப் பிராப்பெல்லர்

கட்டைவிரல் நகத்தைப் பிராப்பெல்லரின் விளிம்பில் ஓட்டிக்கொண்டே ஹாஜா மைதீன், "இங்க கொஞ்சம் தடிப்பா இருக்கு சார்" என்பார். நானும் நகத்தை ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு பாய்" என்பேன். அதற்குள் அரம் அவர் கைக்கு வந்திருக்கும்.

செம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். வயது நாற்பத்தாறு. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். அங்கே மைக்ரோமீட்டர் போதும் என்று சொன்னால் அரத்தைக் கீழே வைத்துவிடுவாராம். வீட்டில் அவரை நிறுத்த ஒரு கருவியும் இல்லை. அவர் வீட்டில் டீ கொடுத்தால் பித்தளைத் தூள் மிதக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

ஏரியில் அவர் ஓட்டுவதைப் பொம்மைப் படகு என்றால் கோபம் வரும். மாடல் போட் என்று சொல்லவேண்டும். முழ நீளம், பேட்டரி மோட்டார், கரையில் நின்றே ரிமோட்டில் ஓட்டுவது. வேகமெல்லாம் அடியில் சுழலும் அந்த இரண்டு இறக்கைப் பித்தளையில்தான் இருக்கிறது என்பது பாயின் கட்சி. வாங்கியபடியே மாட்டினால் படகு ஷேர் ஆட்டோ மாதிரி போகும். இறக்கையை மெலிதாக ராவி, பின் விளிம்பை மயிரிழை வளைத்து, துளையில் ஊசி கோத்து, நிறுத்திவைத்த இரண்டு சவர பிளேடுகளின் மேல் வைத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சரிசெய்தால் பறக்கும்.

பறக்கத்தான் பறக்கிறது. அதோடு விட்டால்தானே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஏரியில் நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். கம்பத்துக்குக் கம்பம் நூறு மீட்டர், ஒன்பது விநாடி. "போதும் பாய், கும்பிடறேன், கழட்டாதீங்க" என்றேன். "ஒரே ஒரு தடவ ராவிக்கிறேன் சார். எட்டரைக்கு வந்துடும்" என்றார். வலது இறக்கையை ராவினார், இடது கனத்தது. இடதை ராவினார், வலது கனத்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் படகுப் போட்டியில் இறக்கை முறிந்து, படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. பாய்க்கு நீச்சல் தெரியாது. ஆகாயத்தாமரைக்குள் இறங்கி எடுத்து வந்தவன் நான்.

ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பவர் ஹார்டுவேர் கடை சிவகுமார். அவர் படகின் பிராப்பெல்லரை ராவிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இதே ஹாஜா பாய்! பத்து நிமிடம் ராவுவார், ஊசியில் கோத்துப் பார்ப்பார், "போதும், இதுக்கு மேல தொட்டா கெட்டுடும்" என்று துடைத்துக் கொடுத்துவிடுவார். கேட்டால், "அடுத்தவங்க பொருள் சார், பயமா இருக்காதா? இது நம்மளுதுதானே" என்கிறார். தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

போன ஞாயிறு அப்படித் தோற்றுவிடக்கூடிய ஞாயிறு இல்லை. மோட்டாரையும் மூன்று பிராப்பெல்லர்களையும் துபாயிலிருந்து வாங்கி வந்து கொடுத்த மைத்துனர் மொஹ்சினுக்குத் திங்கட்கிழமை விமானம். "மச்சான், நீங்க ஒரு தடவையாவது ஜெயிக்கிறத பாத்துட்டுப் போறேன்" என்று அவர் சொன்னதிலிருந்து பாய்க்குச் சோறு இறங்கவில்லை. மூன்றில் இரண்டு ஏற்கெனவே பாழாகியிருந்தன. வழி சொன்னவர் பாயின் மனைவி நஃபீசா. மிஞ்சிய ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். "சிவகுமார் குடுத்தனுப்பினாருன்னு சொல்லுங்கண்ணா. அப்பதான் இவங்க கை ஒரு இடத்துல நிக்கும்."

நின்றது. பத்தே நிமிடம், "போதும்" என்று துடைத்துத் தந்துவிட்டார். தன்னுடையதைக் காணோம் என்று டப்பாவைக் கவிழ்த்துத் தேடியவரை நஃபீசா ஏதோ சொல்லிச் சமாளித்தார். சனிக்கிழமை பாய் வேலைக்குப் போனதும் மொஹ்சினும் நானும் படகில் அதை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். எட்டேகால் விநாடி! சிவகுமார் படகு ஒருநாளும் ஒன்பதுக்குக் கீழே வந்ததில்லை. எனக்கு அன்றிரவு நிம்மதியான தூக்கம்.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் பாய் படகைப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது சிவகுமாரோடது ஆச்சே! அடுத்தவங்க பொருள மாட்டி அவரையே ஜெயிக்கிறதா? வேணாம் சார், கழட்டிக் குடுத்துடலாம்."

எவ்வளவோ மழுப்பினேன். மனிதர் கேட்பதாக இல்லை, ஸ்பேனரை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல், "சத்தியமா உங்களுதுதான் பாய்" என்று நடந்ததை எல்லாம் சொல்லித் தொலைத்தேன்.

"நம்மளுதா?" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

மொஹ்சின் கேமரா போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார். தன் படகைத் தண்ணீரில் விட்டிருந்த சிவகுமார் அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னா பாய், வுடலாமா? வெயில் ஏறிகினு கீது!" என்று கத்தினார்.

பாய் அவரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மொஹ்சினிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகை மடியில் கவிழ்த்து, அரத்தை எடுத்தார்.