ஐந்து விரலும் நீட்டிய புனிதர்

என் மனைவி கோபம் வந்தால் கத்துகிறவள் அல்ல, தீர்ப்புச் சொல்கிறவள். வெள்ளவத்தையில் எங்கள் வாடகை அனெக்ஸின் பின்கதவடியில் நான் மரம் செதுக்கிச் செதுக்கி, சோற்றிலும் மரத்தூள் விழத் தொடங்கியபோது தீர்ப்பு வந்தது.

"இஞ்சேருங்கோ, கொட்டாஞ்சேனைச் சேர்ச்சில உங்கட வேலையை எடுத்தினமெண்டால் நீங்கள் கந்தோரை விடலாம். திருப்பி அனுப்பினமெண்டால் உளியெல்லாத்தையும் ஆருக்காவது குடுத்திடவேணும். சரியோ?"

"ஓம்" என்றேன். ஆயுள் முழுக்கக் கந்தோர் மேசையில் கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று எனக்கு உண்மையாகவே பயம்.

வேலை இதுதான். அந்தச் சேர்ச்சின் புனிதருக்கு மரச் சிலை, சுரூபம் என்பார்கள். ஆசீர்வதிக்கும் வலக்கையைக் கறையான் மணிக்கட்டுவரை தின்றுவிட்டது. திருநாளுக்கு முன் புதுக் கை வேண்டும். பழைய கை எப்படியிருந்தது என்று நான் கேட்கவேயில்லை. ஆசீர்வதிக்கும் கையைப் பற்றி ஒரு சைவக்காரனுக்கு ஆராவது சொல்லித்தரவேண்டுமா என்ன? முருகனுக்கு இருப்பதுபோலவே ஐந்து விரலையும் நீட்டி, உள்ளங்கையை விரித்துச் செதுக்கினேன். ரேகைகூட வைத்தேன், ஆயுள்ரேகையைச் சற்றுத் தாராளமாகவே.

திருநாளுக்கு முதல்நாள் கையைப் பழைய துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். செக்பொயின்றில் எல்லாரையும் இறக்கினார்கள். துவாயை அவிழ்த்த ஆமிக்காரன் விரல்களைக் கண்டதும் பின்னால் ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். மரம்தான் என்று தட்டிக் காட்டி, எனது ஓட்டைச் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

ஃபாதர் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, எங்கட புனிதர் மூண்டு விரலை நீட்டி, ரெண்டை மடக்கித்தான் ஆசீர்வதிக்கிறவர். இது செக்பொயின்றில பஸ் மறிக்கிற கையெல்லோ!"

உளிகள் வீட்டைவிட்டுப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கையில்லாத புனிதரைத் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோக முடியாதே. திருநாள் முடியும்வரை அது இருக்கட்டும், பிறகு சரியான கையொன்று செய்துவாரும் என்றார் ஃபாதர். வீட்டில் வந்து சொன்னேன். மனைவி தீர்ப்பை ஒத்திவைத்தாள்.

திருநாள் முடிந்ததும் சரியான கையோடு போனேன். ஃபாதர் ஏணியில் கால் வைத்ததுதான் தாமதம், மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட அவருடைய மகன் இன்னும் வீடு திரும்பவில்லை.

"கழட்டாதீங்க ஃபாதர். ரோட்டு முழுக்க எங்கள மறிக்கிற கைதான். இந்தக் கை ஒண்டுதான் பயப்படாத எண்டு சொல்லுது."

ஃபாதர் இறங்கி ஏணியை எடுத்துவைத்தார்.

சரியான கையைத் துவாயில் சுற்றிக்கொண்டு வீடு வந்து, "ஒரு கையை எடுத்தவை, ஒரு கையைத் திருப்பி அனுப்பினவை. இப்ப என்ன தீர்ப்பு?" என்று கேட்டேன். அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன்.

மனைவி அந்தக் கையை வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டி, மடக்கிய விரல்களில் தன் குடையைக் கொழுவினாள்.

"கந்தோரை விடுங்கோ. சோத்துப்பானையை மட்டும் மூடி வைச்சிட்டுச் செதுக்குங்கோ."