ஜெனிஃபர் பெயரில் வந்த எச்சில்

ரத்தம் எடுப்பதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். ஆனால் யாராவது எச்சில் துப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெங்களூரில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்த ஆஸ்பத்திரியில் அந்தக் கூச்சம் என்னை மாட்டிவிட்டது.

தலசீமியா நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதை அளக்க ஒவ்வொரு முறையும் ஊசி குத்த வேண்டும். எச்சிலிலேயே அளக்க முடியுமா என்று எங்கள் டாக்டரம்மா ஓர் ஆய்வு தொடங்கினார். நோயாளி வெறும் வயிற்றில் வந்து, டப்பாவில் எச்சிலும் டியூபில் ரத்தமும் கொடுக்க வேண்டும்.

"அந்தப் பக்கம் போய் துப்பிட்டு வாங்க" என்று எல்லோரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவேன்.

மற்றவர்களின் இரண்டு ரிப்போர்ட்டும் ஓரளவு ஒத்துப்போயின. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வரும் ஜெனிஃபருக்கு மட்டும் ஒத்துவரவில்லை. ரத்தத்தில் இரும்பு ஏகத்துக்கு இருந்தது. எச்சிலோ நோயே இல்லாதவருடையது போல இருந்தது.

"டெஸ்ட்டே வேஸ்ட்டா?" டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது.

அடுத்த முறையும் ஜெனிஃபர் வழக்கம்போலத் தன் அம்மா ஸ்டெல்லாவுடன் வந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, டப்பாவை நீட்டினேன்.

"இங்கயே, என் முன்னாடி துப்பும்மா."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேடம், வர்ற வழியில சிவாஜிநகர்ல கீமா சமோசா சாப்பிட்டுட்டேன்" என்றாள் ஜெனிஃபர்.

"போன தடவை?"

"அப்பவும்தான்."

ஸ்டெல்லா குறுக்கிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். தவக்காலம்னு நான் வெறும் வயித்துல இருந்தேன். அதான் நானே துப்பிக் குடுத்துட்டேன். அம்மா பொண்ணு, ஒரே ரத்தம்தானே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அந்த ரிப்போர்ட்டை நம்பி இரும்பை எடுக்குற மாத்திரையைக் குறைச்சிருந்தா, இரும்பு இவ ஹார்ட்ல போய்ப் படிஞ்சிருக்கும், தெரியுமா?"

ஜெனிஃபர் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "எச்சில் குடுத்தாச்சுல்ல? ரத்தமும் குடுங்க. ஜோடி சேரட்டும்."

"அய்யோ, எனக்கு ஊசின்னா பயம் டாக்டர்!"

"உங்களுக்கு மட்டும்தானா?" என்று அம்மாவின் கையைப் பிடித்து என்னிடம் நீட்டினாள் ஜெனிஃபர்.

ஸ்டெல்லாவின் ரத்தத்தில் இரும்பு அடிமட்டத்தில் இருந்தது. படியேறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லையாம். அத்தனை வருடம் மகளுக்குத் துணையாக என் எதிரில் உட்கார்ந்திருந்தவரை நானும் ஒருநாள்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாம்பிளைக் கண் முன்னால் வாங்குங்கள். துணைக்கு வந்தவரின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

அம்மாவுக்கு இரும்பு மாத்திரை, மகளுக்கு இரும்பை வெளியேற்றும் மாத்திரை. இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு ஜெனிஃபர் கேட்டாள்:

"மேடம், என்கிட்ட எக்ஸ்ட்ரா இருக்கே, அம்மாவுக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ண முடியாதா?"