தூக்கத்தில் போட்ட சிலுவை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரைப் பெற்றேன், ஆறு பேரையும் வளர்த்தேன். ஒருத்தரையும் அடுத்த வீட்டு வாசலில் நிற்க விட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும்.

கடலூரில் என் வீட்டுக்காரர் கொத்தனார். சிமெண்ட் தின்று தின்று அவர் கட்டைவிரல் அரம் போல இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படும்போது வரிசையாக வந்து நிற்கவேண்டும். ஒவ்வொரு நெற்றியிலும் அந்த விரலால் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார்.

"யப்பா, கீறுதுப்பா" என்று மூன்றாவது பையன் நெளிவான்.

"கீறட்டும்டா. அப்பத்தான் சாமி உன்ன வுட்டுப் போவாது."

அவருக்குத் தெரிந்த ஞானோபதேசம் அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது பையன் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே ஓர் இந்துப் பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தான். நல்ல பெண். திரும்பிப் போகும்போது, வழக்கம்போல அப்பா முன்னால் குனிந்து நின்றான். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாதா கோயில்ல நடக்காத கல்யாணத்துக்கு எங்கிட்ட சிலுவ இல்ல."

அவன் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான்கு வருஷம் வரவில்லை.

பிறகு இவர் வாதம் வந்து படுத்தார். பேச்சு போய்விட்டது, ஒரு கை மட்டும் அசையும். சேதி கேட்டு அவன் ஓடி வந்தான். மத்தியானம் கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தவன் அசந்து தூங்கிவிட்டான்.

நான் இவர் காதோரம் குனிந்து சொன்னேன். "புள்ள தூங்குது. ஒரு சிலுவ போட்டு வுட்டுடுங்க. யாருக்கும் தெரியாது."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போய்விட்டேன். கஞ்சியோடு வந்து பார்த்தால் முகம் அதே சுவரைப் பார்த்து இருந்தது. அசைகிற அந்தக் கை மட்டும் கட்டிலுக்கு வெளியே, அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் அவன் கேட்டான். "யம்மா, கடசி வரைக்கும் அப்பா எனக்குப் போடலல்ல?"

"போட்டாருடா. நீ தூங்கசொல்ல போட்டாரு. நான் கண்ணால பாத்தேன்."

அவன் நெற்றியைத் தடவினான். "ஆமாம்மா... தூக்கத்துல என்னமோ கீறுச்சு."

இப்போது சிதம்பரத்தில் அவனோடுதான் இருக்கிறேன். தினமும் ஸ்கூல் வேன் வருவதற்குள் மகள் நெற்றியில் சிலுவை போடுகிறான். "எனக்கு உங்க தாத்தா தூக்கத்துல போட்டது. உனக்கு முழிச்சிருக்கும்போதே" என்று சிரிப்பான். "எனக்கில்லயா?" என்று மருமகளும் நெற்றியை நீட்டுவாள். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். விரல் பஞ்சு மாதிரி இருக்கும். போன வாரம் பேத்தி நெளிந்தாள்.

"கீறுதுப்பா."

அன்றைக்கு ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கை ஏன் அப்படித் தொங்கியது என்று எனக்குத் தெரியாது. பார்க்காததைப் பார்த்தேன் என்று பிள்ளையிடம் சொன்னேன். கோயிலில் முட்டி போட்டு, பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குத்தான் எழுதினேன்.

"பாப்பா, இங்க வா. ஆயா எழுதுனத மொதல்லேருந்து படி. உங்கப்பா உள்ள ரூம்ல இருக்கான். அவன் காதுல வுழற மாதிரி சத்தமாப் படி."