அம்மாவின் கிண்ணமும் கம்பெனிப் பெயரும்

முதலாளியை நினைத்தால் அந்த இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள்தான் கண்முன் வருகின்றன. மேசை விளக்கின் கீழே கவிழ்ந்து கிடக்கும். உடம்பெல்லாம் வைரக் கட்டம், அடியில் ஒரு நட்சத்திரம், விளிம்பில் அலை. ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் தெரியாது. அவற்றின் மேல் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பார் அவர்.

பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி தங்கமான மனிதர். ஆனால் பழைய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று கைக்கு வந்தால், அதைச் செய்த கம்பெனி எதுவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. அது லேசில் தெரிகிற விஷயமும் இல்லை. உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி அழுத்தினால் பூவும் கட்டமும் தானே விழுந்துவிடும். பெயரைப் பொறிக்க யாரும் மெனக்கெடவில்லை. ஒரு கம்பெனி மூடினால் இன்னொருவன் அந்த அச்சை வாங்கி அதே பூவை ஊற்றுவான். அப்புறம் பூவைப் பார்த்துப் பேர் சொல்வது எப்படி? முதலாளி சொல்லியே தீருவேன் என்பார்.

அந்தக் கிண்ணங்களைக் கொண்டுவந்தவர்கள் அக்கா தங்கை இருவர். அக்கா பள்ளிக்கூட டீச்சர். தங்கை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே போய்விடப் போகிறவள். கிண்ணங்களில் ஒன்று கோலார் தங்கவயலில் அவர்களுடைய அம்மா புழங்கியது. மற்றது ஜோடிக்காகப் பிற்காலத்தில் யாரோ வாங்கிக் கொடுத்தது. அம்மா போன பிறகு எது எதுவென்று இருவருக்குமே தெரியவில்லை. அம்மாவுடையது தங்கையோடு போகட்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

"எது பழசுன்னு மட்டும் சொல்லுங்க அங்கிள், போதும்" என்றார் டீச்சர்.

"கம்பெனி தெரியாம எப்படிம்மா சொல்றது? ஸ்வல்ப பொறுங்க."

கன்னடத்தில் 'கொஞ்சம்' என்று சொன்ன அந்த 'ஸ்வல்ப' மாதக்கணக்கில் நீண்டது. வெளிநாட்டுக்குக் கடிதம் போட்டார். யார் யாரிடமோ படப் புத்தகம் இரவல் வாங்கினார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்துக் கோட்டைத் தடவித் தடவி, "பெல்ஜியமா இருக்குமோ? இல்லடா, இங்கிலாந்துதான்" என்று என் உயிரை வாங்கினார். சனிக்கிழமை தவறாமல் டீச்சர் வருவார்; வெறுங்கையோடு போவார். தங்கைக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. எனக்கோ இரண்டையும் தூக்கி அல்சூர் ஏரியில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை இருவரும் ஓடிவந்தார்கள். டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "அங்கிள், இனிமே கம்பெனி வேணாம்! சித்தி போன் பண்ணாங்க. அம்மா அதுல எப்பவும் தண்ணி ஊத்திப் பூ போட்டு வைப்பாங்களாம். கோலார் உப்புத்தண்ணி. உள்ள வெள்ளையா ஒரு வளையம் படிஞ்சிருக்குமாம், எவ்ளோ தேச்சாலும் போவாதாம்."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "ஏன் போவாது? முதல் நாளே ஆசிட் விட்டு எடுத்துட்டேனே! கறையோட பார்த்தா கம்பெனி தெரியாதும்மா."

டீச்சர் இரண்டு கிண்ணங்களையும் விளக்கில் தூக்கி உள்ளே பார்த்தார்.

"எதுலேர்ந்து எடுத்தீங்க?" என்று தங்கை கேட்டாள்.

அவர் இந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் ஆசிட் விட்ட அன்று நான் சாமான் ஏற்றித் தொம்மலூர் போயிருந்தேன். "ரெண்டும் இப்போ பளிச்சுன்னு இருக்குதில்ல?" என்றார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தார். மற்றதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார்.

தங்கை விமானம் ஏறி வெகு நாள் கழித்துக் கம்பெனிப் பெயர் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. முதலாளி என்னையும் இழுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார். சொல்லி முடிக்கும்வரை டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "பேர் இருக்கட்டும் அங்கிள். எங்கம்மா எதுல பூ வெச்சாங்கன்னுதான் நாங்க கேட்டோம்."

அப்போதுதான் ஜன்னலோரம் பார்த்தேன். கிண்ணத்தில் தண்ணீர், மேலே இரண்டு செம்பருத்தி. பெங்களூர் போர்வெல் தண்ணீரும் லேசுப்பட்டதா? உள்பக்கம் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு விழத் தொடங்கியிருந்தது.

முதலாளியும் பார்த்துவிட்டார். "அடடா, உப்புக் கறை! குடுங்கம்மா, அஞ்சே நிமிஷம், எடுத்துக் குடுத்துடறேன்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.