துருவேறிய தகடு

ஓய்வுக்குப் பின் காட்டுப்பாக்கத்து அடுக்ககத்தின் மொட்டைமாடியில், கதிரொளியால் நீரைப் பகுத்து ஹைட்ரஜன் எரிபொருள் பெற முயன்றேன். அதற்குக் கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புத்துருவை மெல்லிய படலமாகப் பூசவேண்டும். ஒளியை ஈர்ப்பது அத்துருவே. எத்தனையோ தகடுகள் பொய்த்தபின் ஒன்று மட்டும் கலத்து நீரில் குமிழிகளை எழுப்பியது. அதற்குள் கைநடுக்கம் மிகுந்துவிட்டது. இன்னொன்று பூச என்னால் இயலாது.

ஆயுதபூசையன்று, மாடி கூட்டும் அம்மையார் அத்தகட்டை என்னிடம் நீட்டினார்.

"இன்னா சார், பூச நாளும் அதுவுமா சாமானைத் துருப்பிடிக்க உட்டுகினு கீறீங்க? புளி போட்டுத் தேச்சி, பொட்டும் வெச்சிட்டேன்."

தகடு பளிங்கெனத் தெளிந்திருந்தது. நடுவே சந்தனமும் குங்குமமும் துலங்கின.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கம்மா," என்றேன்.

அவர் படியிறங்கிய பின், கலத்திலிருந்த நீரைக் கொட்டிவிட்டு அதனைக் கவிழ்த்து வைத்தேன்.