ஹிக்மத்தின் படத்துக்கு வெளிச்சம் கூட்டியது

சுஸ்த் ஊரில் மாப்பிள்ளையான பையன்களில் பாதிப் பேர் ஹோஸியத்தின் கைபட்டவர்கள்தான். பாஸ்போர்ட் படம் எடுப்பதற்கென்று அவள் வீட்டுக்காரர் வைத்த சின்னக் கடை. அவர் மௌத்தான பிறகு, கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தவள், ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். மங்கிய படத்துக்கு வெளிச்சம் கூட்டுவாள். மஞ்சளடித்த முகத்தில் மஞ்சளைத் தணிப்பாள். சாய்ந்த படத்தை நேராக்குவாள். பின்னால் தெரிகிற கண்டதையும் வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை போடுவாள். ஒன்று மட்டும் செய்ய மாட்டாள். அல்லாஹ் வைத்த மச்சத்தை அழிக்க மாட்டாள்.

"வெளிச்சம் போடலாம், வேறே முகம் போடக் கூடாது," என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அதனால் சில வாடிக்கை போயிற்று. அவள் அதற்காக வருத்தப்படவில்லை.

அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தது சொந்த மகன் ஹிக்மத்தின் படம். மூன்று வருஷமாக ரஷ்யாவில் கட்டட வேலை. பெண் வீட்டில் புதுப் படம் கேட்டிருந்தார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்ணின் தாய் மஸ்தூரா ரொட்டியோடு வருவதாகப் பேச்சு. வந்து ரொட்டியைப் பிய்த்துவிட்டால் சம்பந்தம் முடிவானது மாதிரி. பேச்சைக் கொண்டுவந்த இனாயத் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முலாம்பழ வற்றலை மென்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பிள்ளை அடுப்புக்குள்ளே உக்காந்து படம் எடுத்தானா? மூக்கு எங்கே, வாய் எங்கேன்னு தேட வேண்டியிருக்கு."

"பல்பு போயிடுச்சாம். மத்தபடி ரெண்டு ஜன்னல் வச்ச ரூம்."

"தலையைப் பாரேன், சாய்ச்சுக்கிட்டு. இப்பவே புதுப்பொண்ணாட்டம் வெக்கம்."

ஹோஸியத் சிரித்தாள். போன வசந்தத்தில் அவன், "ஆயி, வந்துடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தான். "பொண்ணு அமையட்டும் கண்ணு. வேலையில இருக்கற பையன்னு சொல்லிக்கறதுல ஒரு மதிப்பு இருக்கில்ல," என்று இவள்தான் நிறுத்திவைத்தாள். அவனும் மறுபடி கேட்கவில்லை.

முதலில் மொத்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நெற்றி வெளுத்ததே தவிரக் கண் தெரியவில்லை. அதைப் பழையபடி வைத்துவிட்டு, இருண்ட இடங்களை மட்டும் தூக்கிக் காட்டுகிற பொத்தானைப் பிடித்து மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். கண் வந்தது. கன்னம் வந்தது. ஒட்டிப் போயிருந்தது. "இன்னும் கொஞ்சம்," என்றாள் இனாயத். ஹோஸியத் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

அப்போதுதான் அவனுக்குப் பின்னால் அறை வெளியே வந்தது. முதலில் ஒரு தடித்த குழாய். பிறகு கட்டிலுக்கு மேல் கட்டிலாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள். ஈரம் ஊறிக் கறுத்த சுவர். மேல் கட்டிலிலிருந்து யாருடைய பாதங்களோ நீட்டிக்கொண்டிருந்தன. கீழ்க் கட்டிலில் அவள் தைத்து அனுப்பிய பச்சைக்கரை மெத்தை, கரை அழுக்கேறிக் கிடந்தது. ஜன்னல் எங்கேயும் இல்லை. கூரை அவன் தலைமுடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் தலையைச் சாய்த்திருந்தது வெட்கத்தால் இல்லை. அங்கே நிமிர்ந்து நிற்க இடமில்லை.

இனாயத் மெல்லுவதை நிறுத்தினாள். "வெட்டிடு. தோளுக்கு மேலே மட்டும் வச்சுக்கோ. பின்னாலே வெள்ளையைப் போடு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் போடறவதானே," என்றாள்.

ஹோஸியத்தின் கை தானாக வேலை செய்தது. வெட்டினாள். வெள்ளை போட்டாள். படத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் தலையை நேராக்கி அச்செடுத்தாள். வெட்டாத படத்தை மூட மட்டும் மனம் வரவில்லை. அது திரையிலேயே இருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மஸ்தூரா துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகளோடு வந்தாள். விரிப்பில் தேநீர், வாதுமை, கல்கண்டு. படத்தைக் கையில் வாங்கி, "மாஷா அல்லாஹ். நல்லா நிமிந்து நிக்கறான் பையன்," என்றாள்.

ஹோஸியத் தேநீரை ஊற்றினாள்.

"கல்யாணம் ஆன கையோட பொண்ணையும் அங்கேயே அனுப்பிடலாம்னு இருக்கோம் ஓபா. ரெண்டு ஜன்னல் ரூம்னு இனாயத் சொன்னா. பொண்ணு இப்பவே ஜன்னல்ல பூத்தொட்டி வைக்கணும்கறா," என்றாள் மஸ்தூரா, ஹோஸியத்தை அக்கா முறை கொண்டாடி.

"ரொட்டியைப் பிய்ச்சிடுவோமே, ஆறிப் போகுது," என்று இனாயத் குறுக்கே விழுந்தாள்.

மஸ்தூரா ரொட்டியை எடுத்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை நீட்டினாள். ஹோஸியத் கையை நீட்டவில்லை. வேறே முகம் போடவில்லைதான், வேறே வீடு போட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. அந்த வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை பூத்தொட்டியோடு போகப் போகிறது.

"கொஞ்சம் என்னோட வாம்மா," என்று எழுந்தாள்.

கடைத் திரையில் முழுப் படமும் இருந்தது. மஸ்தூரா வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா ரூம்?"

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

"நீங்க மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது ஓபா. அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும்." மஸ்தூரா அவள் தோளைத் தொட்டாள். "ஆனா நானும் பெத்தவ."

அவள் போன பிறகு ரொட்டி இரண்டும் முழுசாக விரிப்பில் கிடந்தன.

"உண்மை பேச உனக்கு வேறே நாளே கிடைக்கலையா?" என்றாள் இனாயத். அப்புறம் அவளே தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஹிக்மத் போனில் கூப்பிட்டான். "என்ன ஆயி, ரொட்டி பிய்ச்சாச்சா? உன் மருமக என்ன சொல்றா?"

ஹோஸியத் நடந்ததைச் சொன்னாள்.

"வெளிச்சத்தை ஏன் அவ்வளவு கூட்டினே?" என்றான்.

"ஏன் கண்ணு எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

"பல்பு போயிடுச்சுன்னியே."

"எரியுது ஆயி. ஒண்ணுதான் இருக்கு. எங்க மூலைக்கு எட்டாது."

"வந்துடு. நாளைக்கே கெளம்பு. எனக்கு எந்த மதிப்பும் வேண்டாம்."

"நீ மட்டும் பாத்திருந்தா வந்திருப்பேன்," என்றான். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அவங்களும் பாத்துட்டாங்க. இனி அந்தத் தெருவுல எந்த மூஞ்சியோட நடக்கறது? இந்தக் குளிரும் போகட்டும் ஆயி. பாக்கலாம்."

பாங்கு சொல்லிவிட்டார்கள். அவள் தொழுதாள். தொழுது முடித்துக் கையேந்தியபோது, பிள்ளை வந்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் நினைத்தாள். வரட்டுமா என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றது இதே வாய்தானே. நாக்கு எழவில்லை. அந்த அறையின் கூரை ஒரு சாண் உயரட்டும் ரப்பே, என் பிள்ளை தலையை நேராக வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் கேட்டாள்.