தெருக்குழாய்க்குப் போட்ட கையெழுத்து

எங்கள் தெருவில் எந்த மனு எழுதுவதென்றாலும் அப்போது என்னிடம்தான் வருவார்கள். மாடியில் ஒரே அறை, அதில் ஆறு இங்கிலீஷ் மிஷின், இரண்டு தமிழ் மிஷின். டைப் இன்ஸ்டிடியூட் என்று பெயர்ப் பலகை. தமிழ் மிஷினில் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் உயிர் போய்விடும். முடித்த பிறகுதான் தெருக்காரர்களுக்கு யோசனையெல்லாம் பிறக்கும். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாக்கடையையும் சேருங்கள் என்பார் ஒருவர், அதை எடுத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்பார் இன்னொருவர். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கையெழுத்துகளை முதலில் வெள்ளைத்தாளில் வாங்கி வைத்துக்கொள்வது. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு மனுவை அடித்து, அந்தத் தாள்களுக்கு முன்னால் வைத்துக் குண்டூசி குத்துவது. பத்து வருஷம் இப்படித்தான் நடந்தது. தெருவுக்கு இதைப் பழக்கிவிட்டவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் பெரிய கலவரம் நடந்த மறு வருஷம், மண்டபம் முகாமிலிருந்து பதினோரு அகதிக் குடும்பங்களை லாரியில் கொண்டுவந்து, எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த மல்லாட்டை குடோனில் இறக்கினார்கள். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதல் வாரம் தெருவே சோறு வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. பாத்திரக் கடை பாய், குடும்பத்துக்கு ஒரு அலுமினியக் குண்டான் என்று பதினொன்றையும் தள்ளுவண்டியில் வைத்து அனுப்பினார். நானும் இரண்டு கோரைப்பாய் வாங்கிக் கொடுத்துவிட்டு நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் பேச்சு மாறிவிட்டது. டீக்கடையில் தினமும் இதே வழக்குதான்.

"நம்ம ஜனங்க. நாம வெச்சுப் பாக்கலன்னா வேற யாரு பாப்பாங்க?"

"தாராளமா பாருங்க. உங்க வூட்ல வெச்சுப் பாருங்க. கார்த்திகை தீபத்துக்கு வர்ற கூட்டம் வருஷா வருஷம் அந்த குடோன்லதான் தங்குது. இந்த வருஷம் எங்க போவும்?"

"மல்லாட்டை உரிக்க அவங்க கம்மிக் கூலிக்கு ஒத்துக்கிட்டா நம்ம பொம்பளைங்க என்னா பண்ணுவாங்க?"

எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். தெருவுக்கு ஒரே குழாய், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குடத்தை வைத்துவிட்டு நகர முடியாது.

அந்தக் குடோனிலிருந்து ஒரு பெண் என் மாடிக்கு வேலை கேட்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஏதோ ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவராம். எழுத்துகளைப் பார்க்காமல் அவர் அடித்த வேகத்தைக் கண்டு என் மாணவிகள் வாயைப் பிளந்தார்கள். உண்மையில் எனக்கும் கொஞ்சம் பொறாமைதான். காலை வகுப்பை அவரிடம் விட்டேன். பிள்ளைகள் டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு வயதான அப்பா, பதினேழு வயதில் ஒரு தம்பி. இயக்கத்துப் பையனோ என்று சந்தேகப்பட்டு அந்தத் தம்பியை இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். அவன் குடோனை விட்டு வெளியே வருவதில்லை.

தெருப் பிள்ளையார் கோயில் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். எனக்குப் பேச்சு வரும். உயிருக்குப் பயந்து வந்தவங்ககிட்ட ஒரு குடம் தண்ணிக்கா சண்டை போடறது, இன்னொரு குழாய் கேப்போம், தகராறு தீந்துது என்றேன். கை தட்டினார்கள். அன்றே வெள்ளைத்தாள் போனது. முதல் ஆளாக நான் போட்டேன், வழக்கம்போலப் பெரிதாக. தெரு முழுக்கப் போட்டது. இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தவர்களையும் விடாமல் போடச் சொன்னேன். தாள்கள் தெருச் சங்கத் தலைவரிடம் போயின. என் மாடிக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். குழாய் மனுவை அடிக்கச் சொல்வார் என்று பார்த்தால், அகதிகளை இங்கிருந்து மாற்றக் கோரி ஒரு மனுவைக் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"இத நான் அடிக்க மாட்டேங்க" என்றேன்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வுடுங்க மாஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் என் மனைவியிடம் இதை மூன்று முறை சொன்னேன். அப்படி ஒரு பெருமை. அந்தக் கையெழுத்துத் தாள்களைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறு மாதம் விசாரணைக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்தார். குடோன் வாசலில் நாற்காலி போட்டார்கள். ஒரு பக்கம் தெருக்காரர்கள், எதிர்ப்பக்கம் அந்தப் பதினோரு குடும்பங்கள். டீச்சர் முன்வரிசையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆர்.ஐ. மனுவைப் படித்து முடித்து, முதல் பக்கத்தைப் புரட்டி, என் பெயரைக் கூப்பிட்டார்.

"நீங்க இவங்களுக்காகப் பேசுனதா சொல்றாங்க. இங்க மொதக் கையெழுத்தே உங்களுதா இருக்கு. இது நீங்க போட்டதுதானா சார்?"

குனிந்து பார்த்தேன். முன்பக்கம் வேறு யாருடைய மிஷினிலோ அடித்தது. பின்னால் என் வெள்ளைத்தாள். நடுவில் குண்டூசி.

வெற்றுத்தாளில் போட்டது என்று சொன்னால், வெற்றுத்தாளில் வாங்கச் சொன்னது யார் என்று கேட்பார். இன்ஸ்டிடியூட்டுக்கு அரசாங்க அங்கீகாரம் வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. தை மாதத்தோடு மாடி வாடகை ஒப்பந்தம் முடிகிறது. சொந்தக்காரர் இரண்டடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் குழாய்க்குத்தான் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. என்னுதுதான்."

மிச்சத்தைச் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் எழுதிக்கொண்டார். "சரி, போய் ஒக்காருங்க" என்றார். போய் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் காலையில் லாரி வந்தது. வேறு ஊரில் ஏதோ முகாம் என்றார்கள். டீச்சர் மாடியேறி வந்து வருகைப் பதிவேட்டை மேஜையில் வைத்தார். நான் எழுந்து நின்று உளறத் தொடங்கினேன். அந்தத் தாள் குழாய்க்காக வாங்கியது, அந்த மனுவை அடிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவன் நான், சத்தியம்.

"தெரியும் அண்ணை" என்றார். "ரெண்டாம் தாளிலை என்ர கையெழுத்தும் கிடக்கு. நீங்கள்தானே குழாய்க்கெண்டு போடச் சொன்னனீங்கள்."

தன்னையும் தன் அப்பாவையும் தம்பியையும் வெளியே அனுப்பச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டதாக அரசாங்கத்திடம் ஒரு தாள் இருக்கிறது. ஆர்.ஐ. இன்னும் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் போதும். புரட்டுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே டீச்சர்?" என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நான் வாய் திறந்தா திரும்பவும் தம்பியைத்தான் கொண்டுபோய் விசாரிப்பினம்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்."